ரெண்டு பட்டையைக் கழட்டின கதை

அப்பாவுக்குக் கழுத்துல ஒரு பட்டை. அப்பாவோட வண்டிக்கு முன் சக்கரத்துக்கு மேல பக்கத்துக்கு ஒன்பதா பதினெட்டுப் பட்டை. இந்த ரெண்டு வகைப் பட்டைக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிச்ச ஒரு ஆணி புடுங்கியோட கதை இது.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு உற்சாகம் வந்து யாரும் ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வண்டிக்கு ஜாக்கி போடாதீங்க. ஏன்னு கீழ வருது.

போன மார்கழியில அப்பாவுக்குக் கழுத்து வலி அதிகமாகி, இடது கை விரல் வரைக்கும் மரத்துப் போக ஆரம்பிச்சது. திண்டிவனத்துல டாக்டர் எக்ஸ்ரேவைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்துட்டு, கழுத்தெலும்புத் தேய்மானம்னு சொல்லி ஒரு பட்டையை மாட்டிவிட்டார். "வண்டி ஓட்டறதைக் குறைங்க. குலுங்கக் கூடாது" அப்படின்னார். அப்பா ரொம்ப அப்பாவியா, "எந்த வண்டி சார்?"னு கேட்டார். பக்கத்துல இருந்த அம்மா பல்லைக் கடிச்சுக்கிட்டு, "ஊர்ல எத்தினி வண்டி வச்சிருக்கீங்க?"ன்னாங்க.

இருக்கறது ஒரே வண்டிதான். 1994 மாடல் மஹிந்திரா ஜீப் பிக்கப். முன்பக்கம் பார்த்தா ஜீப்பு மூஞ்சி. பின்பக்கம் பலகை அடிச்ச தொட்டி. டீசல் இன்ஜின். ஸ்டார்ட் பண்ணா தெருக்கோடி டீக்கடையில டம்ளர் அதிரும்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். இந்த வண்டிய அப்பா 2004ல ரெண்டாம் கையா வாங்கினார். நான் அப்ப ரெண்டாங்கிளாஸ். வாங்கின இடம் திருவக்கரை பக்கம். கல்மரப் பூங்கா இருக்கற அதே திருவக்கரைதான். சுத்துவட்டாரம் பூரா கல் குவாரி. வண்டி அதுக்கு முன்னாடி பத்து வருஷம் குவாரியில டீசல் பேரலும் ஆளுங்களும் ஏத்திக்கிட்டு ஓடியிருக்கு. அப்பா அதைக் கடலை மூட்டை ஏத்த வாங்கினார். எங்க ஊர்ல கடலை ஒரு பயிர் மட்டும் இல்ல, ஒரு மதம். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7னு நிலக்கடலை ரகம் கேள்விப்பட்டிருப்பீங்களே, அந்த டி.எம்.வி. எங்க திண்டிவனம்தான். இங்க இருக்கற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்துல உண்டாக்கின ரகங்களுக்குத்தான் அந்தப் பேரு. செஞ்சி, மயிலம், வீடூர் அணைப்பக்கம்னு கிராமம் கிராமமாப் போய் மூட்டை ஏத்தி, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல இறக்குவார். என் காலேஜ் ஃபீஸ் அந்தத் தொட்டியில வந்ததுதான். இப்ப வியாபாரம் பெருசா இல்ல. ஆனா காலையில எழுந்து வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டலன்னா அவருக்கு அன்னிக்குப் பொழுது போகாது.

"ஒண்ணு அந்த வண்டி இருக்கணும், இல்ல உங்க கழுத்து இருக்கணும்." இது அம்மா. அப்பா பதில் சொல்லல. பதில் சொல்லலன்னா விக்க மாட்டார்னு அர்த்தம்.

அப்பதான் நான் வாயைக் கொடுத்தேன். "வண்டிய ஏன் விக்கணும்? முன்னாடி சஸ்பென்ஷனை மாத்திட்டா சாஃப்டா ஆயிடும். நான் பாத்துக்கறேன்." நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு ஆறு வருஷமா ஜாவா எழுதற ஒருத்தன் இப்படிச் சொன்னா பெத்தவங்க நம்பக்கூடாது. நம்பிட்டாங்க.

எனக்கு எங்கேர்ந்து இந்த யோசனை வந்ததுன்னா, யூடியூப். அமெரிக்காவுல பழைய பிக்கப் ட்ரக் வச்சிருக்கறவங்க ஒரு காரியம் பண்றாங்க. 1950கள்ல வந்த ட்ரக்குல முன்னாடி இருக்கற திடமான ஆக்ஸில், பட்டை எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சுட்டு, 1974லேர்ந்து 78 வரைக்கும் வந்த முஸ்டாங் டூ காரோட முன்பக்க சஸ்பென்ஷன் மாதிரியே செஞ்சு விக்கற செட்டை சேஸிஸ்ல வெல்டு பண்ணிடுறாங்க. ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்கும். ட்ரக்கு கார் மாதிரி போகும். பாக்கவே ஆசையா இருக்கும். நம்ம ஊர் ஜீப்புக்கு அந்த பாக்கியம் ரொம்ப லேட்டு. 1947ல மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பை இங்க பூட்ட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து முன்னாடி பட்டை, பின்னாடி பட்டை. 2010ல வந்த தார்லதான் முன்னாடி டார்ஷன் பார் வச்சுத் தனித்தனி சஸ்பென்ஷன். அதுலயும் பின்னாடி பட்டைதான். 2020ல வந்த தார்லதான் நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங்.

ஆக என் திட்டம்: பழைய இரும்புக்கடையில ஒரு புது மாடல் வண்டியோட முன்பக்கத்தை மொத்தமா வாங்கி, அப்பா வண்டியில வெல்டு பண்றது. எக்ஸெல் ஷீட்டே போட்டுட்டேன். நல்லவேளை, சட்டத்தையும் ஒரு எட்டு பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, வண்டி தயாரிச்ச கம்பெனி குடுத்த அடிப்படை அமைப்பை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் ஒரு கேரளா வழக்குல அதை இன்னும் அழுத்திச் சொல்லிடுச்சு. பழைய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். சேஸிஸை வெட்டி ஒட்டின வண்டியோட அங்க போய் நின்னா என்ன ஆகும்னு யோசிச்சேன். எக்ஸெல்லை மூடிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவைப் பக்கத்துல உட்கார வச்சு நானே ஓட்டிக்கிட்டு விழுப்புரம் போனேன். பழைய என்.எச். 45. நாலு வழி ரோடு. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம்னு முப்பத்தி சொச்சம் கிலோமீட்டர். பாலத்தோட ஒவ்வொரு இணைப்புலயும் அப்பா கையால கழுத்தைப் பிடிச்சுக்கிட்டார். எதுவும் சொல்லல. நான் பாத்துக்கிட்டே ஓட்டினேன்.

விழுப்புரத்துல லாரிக்குப் பட்டை வேலை பாக்கற பாய் ஒருத்தர் இருக்கார். அப்பாவுக்கு இருபது வருஷப் பழக்கம். லீஃப் ஸ்பிரிங்குன்னு காலேஜ்ல படிச்சதுக்கு ஊர்ல பேரு கமான் பட்டை. கமான்னா பாரசீகத்துல வில். என்ன பொருத்தமான பேரு பாருங்க. வில்லை மல்லாத்தி அடுக்கி வச்சதுதான் அது. குதிரை வண்டி காலத்துச் சமாச்சாரம்.

பாய் என் கதை எதையும் கேக்கல. நேரா முன் பம்பர் மேல ஏறி நின்னு, 'தொம்மு தொம்மு'ன்னு குதிச்சார். ஆள் தொண்ணூறு கிலோ இருப்பார். வண்டி லேசா ஆடுச்சு.

"பாத்தியா தம்பி? பட்டை அசையவே இல்ல. டயரு மட்டும்தான் அமுங்குது. இத்தினி நாளா உங்கப்பா டயருல இருக்கற காத்தை நம்பித்தான் ஓட்டிக்கினு இருக்காரு."

எனக்குச் சுருக்குன்னுச்சு. குனிஞ்சு பட்டையை எண்ணினேன். ஒன்பது. "கம்பெனியில ஏழு குடுத்தான். குவாரியில ஓடற வண்டிக்கு மெயின் பட்டை ஒடிஞ்சுக்கினே இருக்கும். ஒடியற போதெல்லாம் ஒண்ணு சேத்து சொருவிடுவானுங்க. லோடு தாங்கும். உள்ள உக்காந்திருக்கறவன் எலும்பு தாங்காது" அப்படின்னார் பாய்.

பட்டை எல்லாம் ஒரே தடிமன்னு வச்சுக்கிட்டா, விறைப்பு பட்டைகளோட எண்ணிக்கைக்கு நேர் விகிதம். ஒன்பதை ஏழாக்கினா 22 சதவீதம் குறையும். (தடிமனை மாத்தினா கதையே வேற. அது மும்மடி கணக்கு. பட்டை ரெண்டு மடங்கு தடிச்சா விறைப்பு எட்டு மடங்கு. பரீட்சையில எழுதினது, முதல் தடவையா ஒரு உபயோகத்துக்கு வந்தது.) இதை நான் பெருமையா பாய்கிட்ட சொன்னேன். அவர் பொறுமையா கேட்டுட்டு, "அது சரி தம்பி. ஆனா இந்த வண்டி அதுனால மட்டும் தூக்கிப் போடல" அப்படின்னு சொல்லி, டார்ச்சை எடுத்துக்கிட்டு பம்பருக்கு அடியில கூப்பிட்டார்.

இங்க கொஞ்சம் விளக்கணும். வளைஞ்ச பட்டையை அமுக்கினா நிமிரும். நிமிர்ந்தா நீளும். அது நீள்றதுக்கு எங்கயாவது இடம் குடுக்கணும். அதனால ஒரு முனையைச் சேஸிஸ்ல பின் போட்டுப் பூட்டிட்டு, இன்னொரு முனையை ஷேக்கிள்னு ஒரு சின்ன ஊஞ்சல்ல தொங்க விட்டிருப்பாங்க. ஜீப்புல அந்த ஊஞ்சல் முன்னாடி, பம்பர் பக்கம் இருக்கும். பட்டை நீளும்போது ஊஞ்சல் ஆடும். ஊஞ்சல் ஆடலன்னா? பட்டை நீள முடியாது. நீள முடியாதது நிமிரவும் முடியாது. ஒன்பது பட்டை போட்டாலும் ஒரு பட்டை போட்டாலும் அது வெறும் இரும்புத் துண்டுதான்.

எங்க வண்டியில ரெண்டு ஊஞ்சலும் இறுகிப் போயிருந்தது. ஏன்னு கேட்டா சிரிப்பீங்க. ஷேக்கிள் பின்னுக்கு கிரீஸ் அடிக்க ஒரு நிப்பிள் இருக்கும், நகக்கண்ணு அளவு. ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி.க்குப் போறதுக்கு முன்னாடி சேஸிஸுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பாங்க. பளபளன்னு தெரியணும்ல. அந்தப் பெயிண்ட் நிப்பிள் மேலயும் படியும். இருபது வருஷப் பெயிண்ட். பாய் உளியால சுரண்டினார். அடுக்கு அடுக்கா உரிஞ்சுக்கிட்டு வந்தது. உள்ள நிப்பிள் இருந்த அடையாளமே இல்ல. வண்டி நல்லா இருக்குன்னு சர்டிஃபிகேட் வாங்க அடிச்ச பெயிண்ட்தான் அதுக்குக் கிரீஸ் போகாம பண்ணியிருக்கு. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தார். பெயிண்ட் செலவுக்குப் பணம் குடுத்தது எல்லாம் அவர்தானே.

இதோட பட்டைக்குப் பட்டை துரு ஏறி ஒட்டிக்கிட்டு இருந்தது. அமுங்கும்போது பட்டைகள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கணும். துரு பிடிச்சா சின்ன மேடு பள்ளத்துக்கு நகரவே நகராது. பெரிய பள்ளத்துல திடீர்னு விட்டுக் குடுத்து 'டக்'குன்னு அடிக்கும். ஷாக் அப்சார்பர் ரெண்டும் செத்து ரொம்ப நாளாச்சு. கழட்டிக் கையால அமுக்கினா சைக்கிள் பம்பு மாதிரி போச்சு.

"ரெண்டு பட்டையை எடுத்துடு. மிச்சத்துக்கு வளைவு எடுத்து, துரு தேய்ச்சு, கிராஃபைட் கிரீஸ் போட்டு அடுக்கணும். ஷேக்கிள் பின், புஷ்ஷு புதுசு. ஷாக்கு புதுசு. அவ்ளோதான். புது சஸ்பென்ஷன் கணக்குதான்." பாய் சொன்னது இதுதான். மூணு எடுக்கலாமான்னு கேட்டேன். "எடுத்தா பிரேக் போடறப்பல்லாம் மூக்கு தரையில போய் உக்காரும். ஆக்ஸில் வந்து ரப்பர் முட்டுல இடிக்கும்" அப்படின்னார்.

ஆனா பட்டறையில வண்டி வரிசை. கரும்பு சீசன். நாலு நாள் வண்டிய விட்டுட்டுப் போகச் சொன்னார். அப்பாவுக்கு வண்டிய வெளியூர்ல நிறுத்த மனசில்ல. எனக்குத் திங்கக்கிழமை சென்னையில ரிலீஸ். நான் ரெண்டாவது தடவை வாயைக் கொடுத்தேன்: "வீட்டுலயே நான் கழட்டறேன் பாய். பட்டையை மட்டும் உங்ககிட்ட கொண்டாறேன். மாட்டறதையும் நானே மாட்டிக்கறேன்."

அடுத்த வாரம் ரெண்டு நாள் லீவு போட்டு, வேப்பமரத்தடியில ஜாக்கி வச்சு, சேஸிஸுக்கு மரக்கட்டை முட்டுக் குடுத்துக் கழட்டினேன். யூ போல்ட் நட்டு எட்டும் மண்ணெண்ணெய் ஊத்தி ராத்திரி பூரா ஊற வச்ச பிறகுதான் அசைஞ்சது. ரெண்டு பட்டை செட்டையும் சாக்குல கட்டி பஸ்ஸுல ஏத்தினேன். கண்டக்டர் காலால தட்டிப் பார்த்துட்டு, "இன்னாது இது?"ன்னார். "கமான் பட்டைண்ணே." "பஸ்ஸுதா?" :-) லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டார்.

பாய் வேலை செய்யறதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் காட்சிக்கு மட்டும் ஒரு தனிப் பதிவு போடலாம். பட்டையை நெருப்புல போடல. பச்சையாவே கல்லு மேல வச்சு, சம்மட்டியால ஒரு ஓரத்துலேர்ந்து இன்னொரு ஓரம் வரைக்கும் விரல்கடை இடைவெளி விட்டு அடிச்சுக்கிட்டே போனார். கொஞ்சம் கொஞ்சமா வளைவு ஏறுது. "சூடு பண்ணா ஈசிதான். ஆனா பதம் போயிடும். ஒரு மாசத்துல தொங்கிடும்"ன்னார். சிலிக்கான் மாங்கனீஸ் கலந்த இந்த ஸ்பிரிங் ஸ்டீலுக்கு எண்ணெயில அமுக்கி, மறுபடி அளவா சூடு காட்டிப் பதம் ஏத்தியிருப்பாங்க. பட்டறை நெருப்புல அந்தக் கணக்கு பிடிபடாது. பாய் ஒவ்வொரு பத்து அடிக்கும் பட்டையை அடுத்த பட்டை மேல வச்சு இடைவெளியைக் கண்ணால பார்ப்பார். ஸ்கேல் கிடையாது. பட்டை முனையைத் தேய்ச்சு மழுக்கினார், அடுத்த பட்டையில அது குழி பறிக்காம இருக்க.

எடுத்துப் போட்ட நாலு பட்டையையும் நான் பழைய இரும்புக்குப் போடலாம்னு நெனச்சேன். பாய் அதட்டினார். "அதுல அருவா அடிச்சா உன் பேரன் காலம் வரைக்கும் வரும்." கொண்டுபோய் எங்க தெருக்கோடி ஆச்சாரிகிட்ட குடுத்தேன். ஒரு கொடுவாளும் அம்மாவுக்கு ஒரு அருவாமனையும் ஆச்சு. வண்டிய வித்தே ஆகணும்னு நின்னவங்க இப்ப அந்த அருவாமனையை யாரையும் தொட விடறதில்ல.

கிளம்பும்போது பாய் சொன்னார்: "தம்பி, யூ போல்ட் புதுசு போட்டுக்க. பழசு வேணாம்." நான் தலையாட்டினேன். இந்தத் தலையாட்டலை ஞாபகம் வச்சுக்கங்க.

திண்டிவனம் வந்து சேர்ந்தப்ப ஞாயித்துக்கிழமை மத்தியானம். ஸ்பேர் பார்ட்ஸ் கடை எல்லாம் மூடியிருந்தது. ஷாக்கு, பின், புஷ்ஷெல்லாம் முன்னாடியே வாங்கியாச்சு. யூ போல்ட் மட்டும் பாக்கி. பழசை எடுத்துப் பார்த்தேன். துரு தேய்ச்சா நல்லாத்தான் இருக்கு. மரையில நட்டு ஈசியா ஓடுது. ராத்திரி பஸ் பிடிக்கணும். மாட்டிட்டேன். பைப்பைச் சொருகி முழு பலத்தோட இறுக்கினேன். நட்டு அசையாத அளவுக்கு இறுகிடுச்சு.

சாயந்திரம் நாலு மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். பத்து நாளா வண்டியத் தொடாத மனுஷன். துண்டை எடுத்து சீட்டைத் துடைச்சுட்டு ஏறினார். "மயிலம் போய் முருகனைப் பாத்துட்டு வந்துடலாம்டா" அப்படின்னார். நான் தடுத்திருக்கணும், கழுத்துப் பட்டையோட ஸ்டியரிங் பிடிக்கறாரேன்னு. தடுக்கல. எனக்கு அவர் முகத்தைப் பாக்கணும்னு இருந்தது.

தெரு முனையில இருக்கற வேகத்தடையில வண்டி ஏறி இறங்குச்சு. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கழுத்து திரும்பாதுங்கறதால உடம்போட திரும்பினார். "அட"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அப்ரைசல்ல கூட அப்படி இருந்ததில்ல.

கூட்டேரிப்பட்டு வரைக்கும் நாலு வழி ரோடு. அங்கேர்ந்து மயிலம் ரோட்டுல திரும்பினோம். நாப்பது, நாப்பத்தஞ்சுல போயிருப்போம். ஓரத்துல புளியமரம். ஒரு வேகத்தடை, அப்பா பிரேக்கை மிதிச்சார். இடது பக்கம் அடியில 'டங்'. வண்டி அப்படியே இடது பக்கம் இழுத்துக்கிட்டுப் போச்சு. அப்பா ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிச்சுப் பிடிக்கறார், வண்டி கேக்கல. ஒரு புளியமரம் என் ஜன்னல் பக்கமா, கை நீட்டினா தொடற தூரத்துல போச்சு. அடுத்த மரத்துக்கு முன்னாடி மண்ணுல இறங்கி, கடலைக் கொல்லை வரப்புல மோதி நின்னுடுச்சு.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே உக்கார்ந்திருந்தோம். அப்பா கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்தார். "வலிக்குதாப்பா?" "இல்ல. இறங்கிப் பாரு."

இடது பக்க ஆக்ஸில் ஒரு அங்குலத்துக்கு மேல பின்னாடி நகர்ந்திருந்தது. என்ன ஆச்சுன்னு படுத்துப் பார்த்ததும் புரிஞ்சது. யூ போல்ட்டுல மரை முனையிலேர்ந்து ஒரு அளவு வரைக்கும்தான் வெட்டியிருப்பாங்க. அந்த அளவு ஒன்பது பட்டைக்கான அளவு. நான் ரெண்டு பட்டையை எடுத்துட்டேன். பட்டை ஒண்ணு 6 மில்லிமீட்டர், ரெண்டும் சேர்ந்து 12. நட்டு மரை முடியற இடத்துல போய் முட்டி நின்னுடுச்சு. இறுகினது நட்டு. பட்டை இறுகல. ஆக்ஸிலைப் பட்டையோட பிடிச்சு வைக்கறது யூ போல்ட்டோட இறுக்கம்தான். நடுவுல இருக்கற சென்டர் போல்ட் இடம் காட்டறதுக்கு மட்டும்தான், அதால பாரம் தாங்க முடியாது. பிரேக் போட்டதும் மொத்த பாரமும் அதுல விழுந்து, அது கத்திரிச்சுக்கிட்டுப் போயிடுச்சு.

எந்தக் கழுத்தைக் காப்பாத்தறதுக்காக இவ்வளவும் பண்ணேனோ, அந்தக் கழுத்து இருக்கற ஆளையே புளியமரத்துல கொண்டு போய் நிறுத்தப் பார்த்தேன். கை நடுங்கிக்கிட்டே இருந்தது. போனை எடுத்து வண்டி இழுக்க யாரைக் கூப்பிடலாம்னு தேடினேன்.

அப்பா அதுக்குள்ள வரப்பு மேல உக்கார்ந்துட்டார். குனிய முடியாது அவரால. "என்ன தெரியுதுன்னு ஒண்ணொண்ணா சொல்லு"ன்னார். சொன்னேன். "சீட்டுக்குப் பின்னாடி டப்பா இருக்கு பாரு. அதுல பெரிய நட்டு இருக்கும். மரை பாக்காத, ஓட்டை பெருசா இருந்தா போதும். யூ போல்ட் நட்டைக் கழட்டிட்டு அதை வாஷரா போடு. அப்புறம் நட்டைப் போடு." இருபது வருஷமா அந்த டப்பாவை நான் குப்பைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஜாக்கி போட்டு, அந்த வழியா சைக்கிள்ல வந்த ஒருத்தர்கிட்ட கடப்பாரை வாங்கி, ஆக்ஸிலை நெம்பி முன்னாடி தள்ளி, அப்பா சொன்னபடியே பூட்டினேன். "குறுக்க குறுக்க இறுக்கு. ஒரே நட்டை இறுக்காத." வலது பக்கமும் அதே மாதிரி. பட்டையோட முதுகுல யூ போல்ட் அழுந்தறது இந்தத் தடவை கண்ணுக்கே தெரிஞ்சது. பத்து, பதினஞ்சு வேகத்துல ஊர்ந்து வீடு வந்து சேர இருட்டிடுச்சு. நான் ஓட்டினேன்.

மயிலம் முருகனைப் பாக்கல. ரிலீஸுக்கும் போகல.

அப்பா திட்டல. வீட்டுல அம்மாகிட்ட, "வழியில ஒரு போல்ட் ஒடிஞ்சுடுச்சு"ன்னார். ராத்திரி சாப்பிட்டு முடிச்சு திண்ணையில உக்கார்ந்திருந்தப்ப மட்டும் கேட்டார்.

"பாய் புது போல்ட் போடச் சொன்னாரா?"

"சொன்னாருப்பா."

"ம்."

அந்த 'ம்' இருக்கே. அதுக்குப் பதிலா நாலு அறை விட்டிருக்கலாம்.

மறுநாள் காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னேன். நாலு யூ போல்ட், ரெண்டு சென்டர் போல்ட். ஏழு பட்டை, பிளேட், நட்டு எல்லாம் சேர்த்து அளந்து, மரை மிச்சம் இருக்கற மாதிரி. எல்லாத்தையும் மறுபடி கழட்டி மாட்டினேன். சென்டர் போல்ட்டோட தலை ஆக்ஸில்ல இருக்கற குழியில சரியா உக்காருதான்னு ரெண்டு தடவை பார்த்தேன். பாய்க்கு போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "நூறு கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி இறுக்கு. பட்டை புதுசா அடுக்கினது, அழுந்தி உக்காரும். நட்டு லூஸ் ஆகும். மறந்துடாத" அப்படின்னார்.

மொத்தச் செலவு எட்டாயிரத்துச் சொச்சம். என் எக்ஸெல் ஷீட்டுல ஒரு லட்சத்துப் பத்தாயிரம் போட்டிருந்தேன். போன்ல ஒரு ஆப்பை வச்சு, வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே தெருவுல, அதே இருபது வேகத்துல குலுக்கலை அளந்தேன். வேகத்தடையில மேல தூக்கற உச்சம் கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சிருந்தது. கணக்குப்படி பட்டையால வந்தது 22 சதவீதம்தான். மிச்சமெல்லாம் அந்த நகக்கண்ணு சைஸ் நிப்பிளும் புது ஷாக்கும் குடுத்தது. அப்பாகிட்ட கிராஃபைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துட்டு, "இது யாரு, ஈ.சி.ஜி.யா?"ன்னார்.

வண்டி கார் மாதிரி ஆகிடல. பெரிய பள்ளம்னா இன்னும் தூக்கித்தான் போடுது. டாக்டர் இப்பவும் ஓட்டாதீங்கன்னுதான் சொல்றார். ஒரு நாளைக்கு ரெண்டு கிலோமீட்டர், மார்க்கெட் வரைக்கும் போய்ட்டு டீ குடிச்சுட்டு வரதுன்னு அம்மா ஒரு ஒப்பந்தம் போட்டிருக்காங்க. அருவாமனை கைக்கு வந்த பிறகு போட்ட ஒப்பந்தம்.

நான் மாசத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை காலையில காபி குடிச்சு முடிச்சதும் அப்பா ஒண்ணும் பேசாம ஸ்பேனரை எடுத்து என் பக்கத்துல வைப்பார். நான் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வண்டிக்கு அடியில போவேன். அவர் திண்ணையில உக்கார்ந்துக்கிட்டு எண்ணுவார். ஒவ்வொரு நட்டுக்கும் ஸ்பேனர் 'டக்'குன்னு நிக்கற சத்தம் காதுல விழுந்தாத்தான் அடுத்த நம்பர். போன வாரம் ஆறாவதுல கொஞ்சம் வழுக்கிடுச்சு. "ஆறு சரியில்ல, திரும்ப"ன்னு குரல் வந்தது. திரும்ப இறுக்கினேன். "ஆறு... ஏழு... எட்டு. சரி, வெளிய வா."